நான்கு விரல் இறக்கம்

வண்டியைத் தாழ்த்தித் தர முடியாது என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன்பு, அதை எதற்காகத் தாழ்த்தச் சொல்கிறார் என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

பட்டறையை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களிலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஸ்பிரிங் மாற்றுவது எப்படி, எந்தத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைக் கைபேசியில் பார்த்துக்கொள்வீர்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது என் தவறுகள் இரண்டைப் பற்றி. இரண்டும் ஒரே வண்டியில் நேர்ந்தவை.

நான் பொறியியல் படித்தவன். ஆலைக்குப் போகாமல் ஆலங்காயத்தில் பட்டறை வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஜவ்வாது மலையில் ஓடும் வண்டிகள் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு சிற்றூரில் ஒரு கார் இருந்தால் பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் தேர்வெழுதப் போகும் பிள்ளைகளுக்கும் அதுவே ஓடும். அத்தகைய வண்டியின் அடிப்பாகம் சரியாக இருக்க வேண்டும் என்பதைப் பொதுக்காரியமாகவே நினைத்தேன். அந்த நினைப்பில் குற்றமில்லை. அதைச் சொற்பொழிவாக மாற்றி வைத்துக்கொண்டதுதான் குற்றம்.

தரையை உரசிக்கொண்டு நிற்கும் கார்களின் படங்களைக் கைபேசியில் காட்டி, "இந்த மாதிரி எறக்கிக் குடுங்க சார்" என்று இளைஞர்கள் வரத் தொடங்கிய காலம் அது. ஒவ்வொருவருக்கும் அந்தச் சொற்பொழிவைக் கேட்கும் பேறு கிடைத்தது. மழைக்கு உருண்டு வரும் கல், அரித்துப்போன பாதை, ஏழு பேர் ஏறிய பாரம், அடிபட்டு உடையும் ஆயில் சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டி, நடுவழியில் நிற்கும் கர்ப்பிணி. இந்த வரிசையில் சொல்லி முடிக்கும்போது பெரும்பாலோர் தலைகுனிந்திருப்பார்கள். எனக்கு மனநிறைவாக இருக்கும்.

குமரேசன் வந்த காலையில் வாணியம்பாடியிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் இருவருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரர். சாமையும் புளியும் விளைவிப்பவர். உயரமான பழைய டீசல் வண்டி ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். கையில் ஒரு குச்சி வைத்திருந்தார்.

"இன்னா வேலைங்க?"

"வண்டிய நாலு விரல் எறக்கணும் சார். கொறஞ்ச செலவுல எது நல்லா இருக்கும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"நீங்களுமா?" என்றேன். கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சொற்பொழிவை அவருக்காகத் திரும்பவும் தொடங்கினேன். மலையில் குடியிருப்பவர் என்பதால் சில வரிகளைக் கூட்டிக்கொண்டேன். பாதையில் கல் எங்கெங்கே கிடக்கும் என்று அந்தப் பாதையில் தினமும் நடப்பவருக்கு விளக்கினேன்.

அவர் இடையில் ஒருமுறை குச்சியை வண்டிக் கதவோரம் நிறுத்தி ஏதோ காட்ட வந்தார். நான் கையமர்த்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்க சார். போய்ட்டு வர்றேன்" என்றார்.

ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். மலைக்காரர்களோடு இத்தனை ஆண்டுகள் பழகியும் ஒன்றை மறந்திருந்தேன். அவர்கள் ஒருவர் பேசும்போது எதிர்த்துப் பேசுவதில்லை. காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தங்கள் காரியத்தைப் பார்க்கப் போவார்கள்.

மூன்று வாரங்கள் கழித்து அதே வண்டி ஒரு சரக்கு வண்டியின் மேல் ஏறி வந்தது. முன் இடச் சக்கரம் உட்புறமாகச் சாய்ந்திருந்தது. பின்னாலேயே ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து குமரேசனும் ஜீப் ஓட்டுநரும் ஒரு பெண்ணைத் தூக்கி, அவிழ்த்து விரித்த சக்கர நாற்காலியில் அமர்த்தினார்கள். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ளும் வரை யாரையும் பார்க்கவில்லை. பிறகு தாமே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வணக்கம் சார். நான் தேவகி, ஸ்கூல் டீச்சர். அன்னைக்கு உங்க பேச்ச நின்னு கேட்டாரே, அவரு வூட்டுக்காரி."

"சொல்லுங்கம்மா."

"வூட்டுக்கு வந்து முழுசா ஒப்பிச்சாரு. கல்லு, பாரம், பிரசவம், ஒண்ணு விடல. என் வகுப்புல யாரும் அப்டி ஒப்பிக்க மாட்டாங்க. நல்லாத்தான் பேசியிருக்கீங்க. இன்னாத்துக்கு எறக்கணும்னு மட்டும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

நான் குமரேசனைப் பார்த்தேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"அந்தப் பசங்க நின்னுட்டு இருந்தாங்க சார். வூட்டுக்காரியப் பத்தி நாலு பேர் எதிர்ல இன்னான்னு சொல்றது? குச்சிய வெச்சிக் காட்டலாம்னு பாத்தேன். நீங்க வேகமாப் பேசிட்டு இருந்தீங்க."

அந்தக் குச்சி அப்போதும் வண்டிக்குள் இருந்தது. மலையில் மரம் வெட்டப் போகிறவர்கள் அளவு நாடா கொண்டுபோவதில்லை. வேண்டிய நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்துக்கொள்வார்கள். குமரேசனின் குச்சி, வண்டியில் தேவகி உட்காரும் இருக்கையின் உயரத்துக்கு ஒடிக்கப்பட்டது. அதன் நுனிக்குச் சற்றுக் கீழே கத்தியால் ஒரு வெட்டு. அது சக்கர நாற்காலியின் உயரம். வெட்டுக்கும் நுனிக்கும் இடையே நான்கு விரல்.

குழந்தைப் பருவத்திலேயே தேவகிக்கு இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. கைகளில் வலு உண்டு. சம உயரத்தில் இருக்கும் இருக்கைக்கு யார் உதவியும் இன்றி நகர்ந்து போவார். அதுவரை உள்ளூர்ப் பள்ளியிலேயே வேலை. வீட்டிலிருந்து நாற்காலியிலேயே போய் வந்தார். இப்போது மலையிலேயே வேறோர் ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. தினமும் வண்டியில் போக வேண்டும்.

நான் மறுத்துவிட்டதால் குமரேசன் வேறொரு சாலையோரக் கடையில் ஸ்பிரிங்கைச் சூடாக்கி இரண்டு சுற்று வெட்டிக்கொண்டார். மிகக் குறைந்த செலவு, அரை நாள் வேலை. ஒரு வாரம் நன்றாக ஓடியது. பதவியை ஏற்றுக்கொள்ளும் கடிதத்தைக் கொடுக்கத் திருப்பத்தூருக்குப் போகும் வழியில், கொண்டை ஊசி வளைவில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கித் தொங்கியது. குட்டையாக்கப்பட்ட ஸ்பிரிங் தன் இடத்திலிருந்து விலகிவிட்டது. வண்டி நல்லவேளையாக மலைப்பக்க ஓடையில் முட்டி நின்றது; எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கு. யாருக்கும் காயமில்லை.

"அடி படல சார்," என்றார் தேவகி. "ஆனா பஸ்ல வந்தவங்க எல்லாம் எறங்கி, நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல, நாலு பேர் சேந்து தூக்கி ஜீப்புல வெச்சாங்க. நல்ல மனசுதான். யாரையும் கோவிச்சிக்க முடியாது."

"அந்த ஸ்பிரிங்க…"

"இருங்க சார், முடிச்சிடறேன். புது ஸ்கூல் வாசல்ல, நூறு புள்ளைங்க பாக்க, எச்.எம்.ம ரெண்டு பேரு தூக்கி எறக்கினா, மறுநாள் நான் சொல்றத எந்தப் புள்ள கேக்கும்? நானா ஏறி நானா எறங்கணும். முடிஞ்சா சேருவேன். இல்லன்னா வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன். பத்து நாள்ல சொல்லியாவணும்." கைப்பையைத் தட்டிக் காட்டினார். "வேணாம்ங்கிற லெட்டரும் எழுதித்தான் வெச்சிருக்கேன்."

நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி அவரை அந்த வளைவு வரை கொண்டுபோயிருந்தது. கடையில் ஸ்பிரிங்கை வெட்டியவர்மீது பழி போடுவது எளிது. அவரிடம் போகும்படி செய்தவன் நான்.

மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும் சார்," என்றார் தேவகி. "இப்ப இன்னா பண்ணலாம்?"

வீட்டு வாசலில் மேடை கட்டலாமே என்றேன். கட்டியாயிற்று என்றார் குமரேசன். "ஸ்கூல்ல, ஆபீஸ்ல, ஆஸ்பத்திரில எல்லாம் போய் மேடை கட்ட முடியுங்களா?"

உயரத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் கூடிய முழு ஸ்பிரிங் தொகுதிகள் கடைகளில் உண்டு. நல்லவை வண்டி விலையில் பாதியை விழுங்கும். மலிவானவற்றை அந்தப் பாதையில் நம்ப எனக்குத் துணிவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே வண்டியை ஜாக்கியால் அதன் பழைய உயரத்துக்குத் தூக்கி, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே அளக்கத் தொடங்கினேன். நான்கு விரல் குறைத்தால் மிஞ்சுவது மிகவும் குறைவு. உதட்டைப் பிதுக்கினேன்.

"காலி வண்டியத்தானே அளக்கறீங்க?" என்றார் தேவகி.

"ஆமா. அப்படித்தான் அளப்போம்."

"நான் ஏறும்போது வண்டி காலியாத்தான் இருக்கும். அப்ப அது கீழ இருந்தா எனக்குப் போதும். கல்லு மேல போவும்போது ஆளு, மூட்ட எல்லாம் இருக்கும். அப்ப மேல இருந்தா ரோட்டுக்குப் போதும். ரெண்டும் வேற வேற நேரம்தானே சார்?"

நான் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். காலி உயரம், பாரத்தோடு உயரம் என்று இரண்டு இருப்பதும் அவற்றின் இடைவெளியைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் விறைப்பு என்பதும் நான் கல்லூரியிலேயே படித்தது. குட்டையான, ஆனால் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் காலியாக இருக்கும்போது வண்டி தாழ்ந்திருக்கும். பாரம் ஏறினால் முன்போல் அமுங்காது. தெரிந்த பாடத்தை ஓர் ஆசிரியை திருப்பிக் கேட்டபோதுதான் அது வேலைக்கு வந்தது.

குமரேசன் சந்தையில் போடுவதற்காக இரண்டு புளி மூட்டைகளை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார். சாய்ந்த சக்கரத்தைச் சரிசெய்து, பட்டறையில் கிடந்த வெட்டாத பழைய ஸ்பிரிங்குகளை வண்டியில் தற்காலிகமாகப் போட்டு, அவற்றை ஏற்றினோம். பக்கத்து வெல்டிங் கடைக்காரர்கள் மூவரையும் பின்னால் உட்காரச் சொன்னேன். ஜீப் ஓட்டுநர் கோவிந்தன் முன்னால் ஏறினார். பருத்த உடம்பு.

"கோவிந்தண்ணே, நீ எறங்கு," என்றார் தேவகி. "உன்ன வெச்சி அளந்தா லாரி ஸ்பிரிங்தான் போடணும்."

"பத்து வருஷமா உன்னத் தூக்கித் தூக்கித்தாம்மா இந்த ஒடம்பு," என்றார் கோவிந்தன், இறங்காமல்.

பாரத்தோடு வண்டி மூன்று விரல் அமுங்கியது. அந்த அளவு கிடைத்ததும் தேர்வு எளிதாயிற்று. குறைந்த செலவில் செய்வது என்றால் எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்று பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டுவதில்லை. அதே வண்டியின் இன்னொரு வகைக்கென ஆலையிலேயே செய்த, சரியாக உட்காரக்கூடிய குட்டை ஸ்பிரிங்கைத் தேடினோம், வேலூரில் கிடைத்தது. ஷாக் அப்சார்பர் நான்கும் புதியவை, அந்த ஸ்பிரிங்கின் விறைப்பைத் தாங்கக்கூடியவை. பழைய ஷாக்குகளையே வைத்துக்கொள்ளலாமே என்று குமரேசன் கேட்டார். விறைப்பான ஸ்பிரிங்கைத் தளர்ந்த ஷாக் அடக்காது, வளைவில் சக்கரம் குதிக்கும் என்றேன். அந்த வளைவை அவர் மறந்திருக்கவில்லை, உடனே ஒப்புக்கொண்டார். சக்கரம், டயர், அழகுப் பொருள்கள் எதையும் தொடவில்லை.

இவ்வளவும் செய்தால் முன்பக்கம் இரண்டு விரல் குறையும். அதற்கு மேல் இறக்க நான் உடன்படவில்லை. மீதி இரண்டு விரலுக்கு என்ன செய்வது?

முந்தைய உரிமையாளர் இருக்கைமேல் தடித்த பஞ்சு வைத்து உறை தைத்திருந்தார். அதைப் பிரித்தெடுத்தால் ஒரு விரல் போகும் என்று கண்டுபிடித்தவர் குமரேசன். கடைசி விரலை தேவகி கொடுத்தார்.

"வண்டியவே ஏன் எறக்கிட்டு இருக்கணும்? என் சேர்ல ஒரு விரல் மெத்த வெச்சி நான் ஒசந்துக்கறேன். அதுக்கு மேல வெச்சா கால் தொங்கும், கவுந்துடுவேன். ஒரு விரல் முடியும்."

நீங்கள் நாளை இதுபோன்ற வேலையை எடுக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு விரலையும் ஸ்பிரிங்கிடமே கேட்டவரின் வண்டி ஓடையில் நின்றது. நாங்கள் ஸ்பிரிங்கிடம் பாதியைத்தான் கேட்டோம்.

வேலையை முடிக்க ஐந்து நாட்கள் ஆயின. ஆறாம் நாள், மூட்டைகளோடும் ஆட்களோடும் மலையேறிப் பார்த்தோம். நான் பின் இருக்கையில் இருந்தேன். வளைவுகளில் வண்டி உறுதியாக நின்றது. குமரேசன் முகம் மலர்ந்தது. மழைநீர் பாதையை அறுத்துப்போன ஓரிடத்தில், பின் அடிப்பாகம் கல்லில் உரசியது. நீண்ட, காதைக் கிழிக்கும் சத்தம்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன்பக்கத்தில் போதிய இடைவெளி இருந்தது. பின்பக்கத்தில் இல்லை.

"பின்னாலயும் ரெண்டு விரல் எறக்கினீங்களா சார்?" என்று தேவகி சன்னல் வழியாகக் கேட்டார்.

"ஆமாம்மா."

"நான் முன்னாலதானே ஒக்கார்றேன்?"

பின்பக்கத்தை இறக்கத் தேவையே இருந்ததில்லை. முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும்; பார்க்க நன்றாக இராது. என் பட்டறையிலிருந்து அப்படி ஒரு வண்டி வெளியே போவதை என் கண் பொறுக்கவில்லை. பழக்கத்தில் கை செய்துவிட்டது. உண்மையைச் சொன்னேன்.

"பாக்க ஒரே மட்டமா இருக்கட்டும்னு செஞ்சேன்."

குமரேசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தேவகிக்கு அவ்வளவு கருணை இல்லை.

"அழகுக்காக வண்டிய எறக்கக் கூடாதுன்னு இவருக்கு அரை மணி நேரம் சொன்னது யாரு சார்?" என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கோவிந்தன் சிரித்தார். வெல்டிங் கடைக்காரர்கள் அன்று மாலைக்குள் ஆலங்காயம் முழுவதும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஸ்பிரிங்குகளின் அடியில் தடித்த வளையம் வைத்துப் பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்தேன். விறைப்பான ஸ்பிரிங் மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. முன்விளக்குகளின் ஒளி தரையில் விழுந்ததால் அவற்றையும் திருத்தினேன். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், தேவகியின் இருக்கையும் இதனால் மீண்டும் அரை விரலுக்குச் சற்று மேல் உயர்ந்துவிட்டது. அதைச் சொன்னபோது, "அத நான் பாத்துக்கறேன்" என்றார் தேவகி. குமரேசன் பலாமரத்தில் ஒரு பலகை இழைத்து, எண்ணெய் தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தார். நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவே பாலம்போல் அதை வைத்து நகரலாம். போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு நானே போய்வந்தேன். வேலைக்கான தொகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றதற்கு மட்டும் தேவகி இசையவில்லை. "பில்லு முழுசாப் போடுங்க சார். தர்மத்துக்கு ஏறி வந்த மாதிரி வேணாம்" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை. புதிய பள்ளியின் வாசல். கடிதம் கொடுக்கும் முன் அங்கேயே ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு. பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். யாரும் இல்லாத நேரத்தில் செய்து பார்க்கலாமே என்று கேட்டேன். "தெனமும் இவங்க எதிர்லதானே சார் எறங்கணும்" என்றார்.

குமரேசன் நாற்காலியை விரித்துக் கதவோரம் நிறுத்தினார். பிறகு, சொல்லிவைத்தபடி, விலகி வண்டியின் மறுபக்கம் போய் நின்றார். தேவகி பலகையை வைத்தார். நாற்காலி சற்றே நழுவியது, பலகை சரிந்தது. வழியில் சேர்ந்துகொண்டு வந்திருந்த கோவிந்தன் பத்தாண்டுப் பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினார்.

"அண்ணே, கைய எடு."

குரல் உயரவில்லை. கோவிந்தன் நின்றுவிட்டார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

தேவகி நாற்காலியின் பிரேக்கை இன்னும் இறுக்கினார். பலகையைத் திரும்ப வைத்து, ஒரு கையை இருக்கையிலும் மறு கையை நாற்காலியின் கைப்பிடியிலும் ஊன்றினார். உடம்பைத் தூக்கினார். நகர்ந்தார். மறுபடி தூக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டார். வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு அங்க பேசறது?" என்றார் தேவகி. வரிசை அமைதியானது.

அன்று பிற்பகலே பதவியை ஏற்றுக்கொள்ளும் கடிதத்தைக் கொடுத்தார். இப்போதும் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர்தான். அந்த வண்டி மூக்கைத் தாழ்த்தியபடியே மலையில் ஓடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களிடம் வருமே, அதே வண்டி.

வேடிக்கைக்காக வண்டியைத் தாழ்த்தக் கேட்டு வருகிறவர்களை அதற்குப் பிறகும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீங்களும் அனுப்புவீர்கள். ஆனால் அந்த வாரத்திலிருந்து நம் பட்டறையில் மூன்று பழக்கங்கள் மாறின. வண்டியில் யார் ஏறுவார்கள் என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். காலியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை என உயரத்தை இரண்டு தடவை அளக்கிறோம். அளக்கும்போது, அதில் ஏறப்போகிறவரையும் வரச் சொல்கிறோம்.